மணவாளன் வண்டி பேசின பேச்சு

போனை ஒழுங்காக் கட் பண்ணிட்டீங்களாண்ணே? ஒரு தடவை எடுத்துப் பாத்துடுங்க. "சரிங்க மாப்ளே, வெச்சுடறேங்க மாப்ளே"னு சொன்னீங்க. சொன்ன வாய் மூடறதுக்குள்ள "தண்டச்சோறு"ன்னீங்க. நடுவுல மூச்சுகூட விடலை. அந்த மாப்ளே இன்னும் லைன்ல இருந்தா? முறைக்காதீங்க, நான் ஒட்டுக் கேக்கலை. பக்கத்து சீட்டு, காது இருக்கு, கேட்டுச்சு.

நான் இப்படித்தாண்ணே. பட்டுனு சொல்லிடுவேன். பதினொண்ணாம் வகுப்புல சார் போர்டுல ஒரு சர்க்யூட் வரைஞ்சார். "பல்பு எரியாது சார், கரண்டு திரும்பி வர வழியே இல்லை"னேன். "அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா"ன்னார். அப்பாவைக் கூட்டிக்கிட்டு வர்றதைவிட பையை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போறது சுலபமா இருந்தது. போயிட்டேன். அந்தப் பல்பு இன்னைக்கு வரைக்கும் எரிஞ்சிருக்காது.

அப்புறம் தண்டபாணி மாஸ்டர் ஷெட்டுல சேந்தேன். நீங்க இப்ப பஸ் ஏறினீங்களே திண்டுக்கல் ரோடு, அங்கேயேதான். கார் வயரிங், ஏசி, ஹாரன், பவர் விண்டோ, எல்லாம் பாப்போம். பாப்பாங்க. நான் இப்ப அங்க இல்லை. நேர்மையா இருக்கறவனை இந்த ஒட்டன்சத்திரத்துல வெச்சுக்க மாட்டாங்க, அதனால தாராபுரத்துல பஸ் மாறி கோயமுத்தூர் போறேன். என்ன ஆச்சுனு கேக்கறீங்களா? கேக்கலைன்னாலும் சொல்லத்தான் போறேன், தாராபுரம் வரைக்கும் உங்களுக்கும் வேலை இல்லை.

மணவாளன் தெரியுமா? தக்காளி மண்டி மணவாளன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார். வண்டி அவரோடது, ஓட்டறது சேவுகன் அண்ணன். மணவாளன் டெம்போ ஓட்டிக்கிட்டிருந்த காலத்துலேருந்து கூட இருக்கறவர். அன்னைக்கு வண்டி ஷெட்டுக்குள்ள வந்து நின்ன வேகத்துல மாஸ்டர் குடிச்சிக்கிட்டிருந்த டீ சட்டையில ஊத்திக்கிச்சு. முன் சீட்டுலேருந்து மணவாளன் இறங்கினார். இறங்கும்போதே கத்தல்.

"தண்டபாணி! வண்டியைப் பாரு. பாட்டு சத்தம் தானா ஏறுது, தானா இறங்குது, பாட்டு பாதியில நிக்குது. ஸ்டியரிங்குல ஒரு பட்டன் சொன்ன பேச்சு கேக்கலை. வண்டியும் சரியில்லை, வண்டி ஓட்டறவனும் சரியில்லை. இன்னையோட இவன் கணக்கை முடிக்கறேன்."

சேவுகன் அண்ணன் சாவியைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னார். "நான் வாயே தொறக்கலைங்க"னார்.

"தொறக்காமயா ஊரே பேசுது?"

விஷயம் இதுதான். வியாபாரிகள் சங்கத் தேர்தல் வந்திருந்தது. மணவாளன் தலைவருக்கு நிக்கறார். தினமும் வண்டியில போகும்போது ஒவ்வொரு வியாபாரிக்கா போன் போடுவார். காதுல வெச்சுத்தான் பேசுவார். "அண்ணே, உங்களை நம்பித்தாண்ணே நிக்கறேன், நீங்கதாண்ணே எனக்கு அப்பா மாதிரி"ன்னு பேசிட்டு வெப்பார். வெச்ச உடனே அந்த அப்பா மாதிரி ஆளைப் பத்தி மனசுல உள்ளதைச் சொல்லுவார். உங்களை மாதிரித்தான்.

சாயங்காலமே அது திரும்பி வந்துடும். முருங்கைக்காய்க்காரரைப் பத்தி வண்டிக்குள்ள சொன்னது முருங்கைக்காய்க்காரர் வாயாலயே திரும்பி வந்தது. வெங்காய மண்டி சடையப்பனைப் பத்தி சொன்னது சடையப்பனோட மருமகன் வரைக்கும் போயிடுச்சு. ஒரு எழுத்து மாறலையாம். வண்டிக்குள்ள இருந்தது ரெண்டே பேரு. ஒருத்தர் மணவாளன். அப்ப சொன்னது யாரு? சேவுகன். எதிர்க் கோஷ்டிகிட்ட கைநீட்டிக் காசு வாங்கிட்டான். இதுதான் மணவாளன் போட்ட கணக்கு.

வண்டிக் கோளாறு ஒரு பக்கம், ஆள் கோளாறு ஒரு பக்கம்னு தனித்தனியாப் பாத்தாங்க எல்லாரும். எனக்கு அப்பவே உறுத்துச்சு. ரெண்டும் ஒரே நேரத்துல ஆரம்பிச்சிருக்குன்னா ரெண்டும் ஒரே வயர்தான். ஆனா முதல்ல மாஸ்டர்தான் கை வைக்கணும், அது ஷெட்டு மரியாதை.

மாஸ்டர் ஸ்கேனரை எடுத்துட்டு வந்தார். அது ஒரு பொட்டி. வண்டியில சொருகினா வண்டிக்கு என்ன நோவுனு எழுத்துல காட்டும். மாஸ்டர் அதைச் சொருகும்போது ஒரு முகம் வெச்சுப்பார் பாருங்க, பெரிய டாக்டர் நாடி பிடிக்கற மாதிரி. ஸ்கேனர் இங்கிலீஷ்ல என்னவோ காட்டுச்சு. மாஸ்டர் கண்ணைச் சுருக்கிப் படிச்சுட்டு, "ஸ்டியரிங் பட்டனோட தொடர்பு அத்துப் போச்சுனு சொல்லுதுங்க"னார்.

"தொடர்பு அத்துப் போச்சா? யோவ், நான் பேசினது ஊர் பூரா போய்ச் சேந்திருக்கு, உன் பொட்டி தொடர்பு இல்லைங்குது."

"அது வேற தொடர்புங்க. கிளாக் ஸ்பிரிங் மாத்தணும்."

கிளாக் ஸ்பிரிங்னா ஸ்டியரிங்குக்குள்ள சுருட்டி வெச்சிருக்கற ஒரு நாடாண்ணே. ஸ்டியரிங் சுத்தும்போது வயர் முறுக்காம இருக்கறதுக்கு. மாஸ்டருக்கு ஸ்டியரிங்குல எது கெட்டாலும் கிளாக் ஸ்பிரிங்தான். கண்ணாடி மேல போகலைன்னா மோட்டார். வண்டியே கிளம்பலைன்னா பேட்டரி. நான் சொல்லிட்டேன், "மாஸ்டர், நாடா அத்திருந்தா ஹாரன் அடிக்காது. ஹாரன் அடிக்குது. வர்ற வழியெல்லாம் அடிச்சுக்கிட்டுத்தானே வந்தாங்க."

மணவாளன் என்னைப் பாத்தார். மாஸ்டரும் பாத்தார். மாஸ்டர் பாத்த பார்வை வேற.

"அப்ப நீ பாரு பெரிய மனுஷா. பேட்டரியைக் கழட்டிட்டுக் கை வை, ஏர்பேக் பலூன் வெடிச்சு மூஞ்சியில அடிச்சா நான் பொறுப்பில்லை"ன்னுட்டு சட்டையைக் கழுவப் போயிட்டார்.

பேட்டரியைக் கழட்டினேன், காத்திருந்தேன், பலூன் இருக்கற மூடியை எடுத்தேன். அதெல்லாம் ஒழுங்காச் செய்வேன். எந்த வேலையையும் நான் அரைகுறையா விடறதில்லை, அது என் குணம். ஆயுத பூஜைக்குப் பாருங்க, பழைய கஸ்டமர் வண்டியெல்லாம் ஷெட்டுக்கு வந்துடும். கழுவி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வெச்சு விடறது எங்க ஷெட்டு வழக்கம். மத்தவங்க என்ன பண்ணுவாங்க? பானெட்டுல ஒரு பொட்டு, ஸ்டியரிங்குல ஒரு பொட்டு, முடிஞ்சது. நான் அப்படி விடலை. கரண்டு வேலை பாக்கறவனுக்கு எதுண்ணே ஆயுதம்? சுவிட்சுதானே? ஒவ்வொரு சுவிட்சுக்கும் வெச்சேன். லைட் சுவிட்சு, வைப்பர் சுவிட்சு, கண்ணாடி சுவிட்சு, ஒண்ணு விடலை. பன்னீரைத் தாராளமா ஊத்தித் தண்ணியாக் கரைச்சுக்கிட்டேன், அப்பத்தான் வேகமா வெக்க முடியும். மணவாளன் வீட்டம்மாவே வந்து பாத்துட்டு, "பையனுக்கு பக்தி ஜாஸ்தி"ன்னாங்க. எதுக்குச் சொல்ல வந்தேன்? ஆங், வேலை சுத்தம்.

அந்த ஸ்டியரிங் பட்டன் எப்படி வேலை செய்யுதுனு சொல்லிடறேன், இல்லைன்னா உங்களுக்குப் புரியாது. அஞ்சாறு பட்டன் இருக்கும், ஆனா எல்லாத்துக்கும் ஒரே வயர். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு நம்பர். அதை அமுக்கினா வயர்ல அந்த நம்பர் போகும், உள்ள இருக்கற பொட்டி நம்பரைப் பாத்து, சத்தம் கூட்டுங்கறான், போனை எடுங்கறான்னு புரிஞ்சுக்கும். நம்ம கண்டக்டர் விசில் மாதிரி. ஒரு விசில்னா நிறுத்து, ரெண்டு விசில்னா போ. ரெண்டுக்கும் ஒரே விசில்தான். இப்ப கண்டக்டர் விசிலை வாயில வெச்சுக்கிட்டே இருமினார்னு வைங்க. டிரைவர் என்ன செய்வார்? எதையாவது செய்வார்.

மீட்டரை வெச்சேன். எதையும் அமுக்காம இருக்கும்போது மீட்டர்ல நம்பர் ஆடாம நிக்கணும். ஆடுது. ஏறுது, இறங்குது. சரி, வெயில்ல இப்படின்னா காலையில பனியில எப்படி இருக்கும்? ஏசி ஈரத்துல? பட்டன் கிட்ட வாயைக் கொண்டு போய் "ஹா"னு ஊதினேன். நம்பர் சரசரனு இறங்கி ஒரு இடத்துல போய் நின்னுக்கிச்சு. அது எந்த இடம்? போன் பட்டனோட நம்பர். ஒருத்தனும் தொடலை, ஆனா வண்டி நினைக்குது, முதலாளி போன் பட்டனை அமுக்கிக்கிட்டே இருக்கார்னு. அவர் போன் புளூடூத்ல வண்டியோட சேந்தே இருக்கு. அந்த பட்டனை அமுக்கிக்கிட்டே இருந்தா கடைசியா யாருக்குப் பேசினீங்களோ அவங்களுக்கு வண்டி தானே திரும்பவும் போன் போடும்.

புரிஞ்சுதா? அவர் போனை வெச்சுட்டுத் திட்டறார். வண்டி அதே ஆளுக்குப் போனைப் போட்டு, "கேளுங்க, உங்களைப் பத்தித்தான் பேசறார்"ங்குது.

ஸ்கிரீன்ல பேரு வருமே, பாக்கலையானு கேப்பீங்க. ஸ்கிரீன் மேல பழனி முருகன் படம், அதுக்கு மாலை, மாலைக்கு மேல ஒரு மாலை. எதிராளி குரல் வருமேனு கேப்பீங்க. பாட்டு தானா அலறுதுனு சேவுகன் அண்ணன் சத்தத்தை அடியோட குறைச்சு வெச்சிருந்தார்.

இருங்க. என்ன நிறுத்திட்டான்?

மார்க்கெட்டா. இல்ல, நான் இறங்கலை. தாராபுரம், டிக்கெட் எடுத்தாச்சு. எதுக்கு ரெண்டு தடவை கேக்கறார் இந்த கண்டக்டர்? கொஞ்சம் காலைத் தள்ளிக்குங்கண்ணே, பை சீட்டுக்கு அடியில போயிடுச்சு, குனிஞ்சு எடுத்துக்கறேன். நீங்க ஜன்னலை மறைச்ச மாதிரியே உக்காருங்க. அந்த லாரிகிட்ட பெட்டி இறக்கறாங்களே, அதுல ஒருத்தர் பச்சைத் துண்டு போட்டிருக்காரா? இந்தப் பக்கம் பாக்கறாரா? சும்மா கேட்டேன். பஸ்ஸை எடுத்துட்டானா? சரி. பை கிடைச்சுடுச்சு.

எங்க விட்டேன்? ஊதினேன். எல்லாத்தையும் திரும்ப மாட்டினேன், பேட்டரியைப் போட்டேன். மாஸ்டர் ஈரச் சட்டையோட வந்து, "என்னடா ஆச்சு?"ன்னார்.

"சேவுகன் அண்ணன் மேல தப்பு இல்லை மாஸ்டர். காட்டறேன், எல்லாரும் வண்டியில ஏறுங்க"ன்னேன்.

மணவாளன் முன்னாடி ஏறினார், மாஸ்டர் பின்னாடி. சேவுகன் அண்ணன் கதவைப் பிடிச்சுக்கிட்டு வெளியவே நின்னார். அவர் முகத்தைப் பாத்தா பாவமா இருந்தது. நான் டிரைவர் சீட்டுல உக்காந்து, ஸ்டியரிங்கைப் பாத்து வாயைத் தொறந்து ஊதினேன்.

மணவாளன் என்னை ஏற இறங்கப் பாத்தார். "என்னடா இது, மந்திரிக்கறியா? ஒண்ணும் ஆகலையே."

"கொஞ்சம் பொறுங்க. அதுவரைக்கும் எப்பவும் பேசற மாதிரி பேசிக்கிட்டிருங்க."

மாஸ்டருக்குச் சும்மா இருக்க முடியாது. "சடையப்பன் அண்ணன் நமக்குத்தானுங்களே ஓட்டு?"ன்னார்.

"யாரு, அவனா? இப்பத்தான் வர்ற வழியில கால்ல விழாத குறையாப் பேசிட்டு வர்றேன். அவன் கட்டை விரல் படாம ஒரு நாள் அவன் தராசு நின்னிருக்கா? அந்த விரலுக்கே சங்கத்துல தனியா ஒரு ஓட்டு குடுக்கணும். பொண்ணு கல்யாணத்துல போட்டானே சாம்பார், வெங்காய மண்டிக்காரன் வீட்டு சாம்பார்ல வெங்காயத்தைத் தேடணும்…"

நிறுத்தியிருக்கலாம்தான். ஆனா சோதனைன்னா முழுசாப் பண்ணணும் இல்லையா? நான் சத்தம் திருகற குமிழைத் திருப்பினேன். வண்டி பூரா ஒரு குரல்.

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் மணவாளா. சாம்பார் வரைக்கும் வந்தாச்சு. மேல சொல்லு."

மணவாளன் முகம் வேட்டி கலருக்குப் போச்சு. முருகன் படத்தைப் பாத்துக் கும்பிட்டுக்கிட்டே, "அண்ணே! அண்ணே, வண்டியில வயர் கோளாறுங்கண்ணே, வேற எவனோ பேசறது கலந்து வருதுங்கண்ணே"ன்னார்.

"ஆமாமா. உன் குரல்லயே பேசறான், என் சம்பந்தி வீட்டு ஆளுங்க எல்லாம் கேட்டுக்கிட்டிருக்காங்க. வெச்சுடட்டுமா, இல்லை பாயசத்தைப் பத்தியும் ஏதாவது இருக்கா?"

மாஸ்டர் இறங்கிப் போய் பேட்டரியையே பிடுங்கிட்டார்.

பாருங்க, ஒரு ஆள் மேல இருந்த பழியை நான் துடைச்சிருக்கேன். மணவாளன் என்ன சொல்லியிருக்கணும்? "சேவுகா, தப்பா நினைச்சுட்டேன்"னு சொல்லியிருக்கணும். சேவுகன் அண்ணனும் அதுக்குத்தான் நின்னார், சிரிக்கற மாதிரிகூட வந்துட்டார். மணவாளன் அவரைப் பாக்கவே இல்லை. "அந்த சனியனைப் பிரிடா. உள்ள என்ன இருக்குனு நான் பாக்கணும்"னார்.

பட்டனைப் பிரிச்சேன். உள்ள மஞ்சளா, பாசி பிடிச்ச மாதிரி, செம்புக் கோடு மேல எல்லாம் பரவிக் காஞ்சு கிடக்கு. மோந்து பாத்தேன். வாசனை. பன்னீர் வாசனை, சந்தன வாசனை. குங்குமம் ஓரத்துல செவப்பா. "சந்தனம்ங்க. ஈரம் பட்டா இதுவே கரண்டு போற வழி ஆயிடும்"னு உள்ளதைச் சொன்னேன்.

"சந்தனமா? ஸ்டியரிங்குக்குள்ளயா? எவன் ஊத்தினான்?"

மாஸ்டர் என்னைப் பாத்தார். அப்புறம் கழுவின சட்டையைப் பாத்தார். அந்த மண்டி வண்டி எல்லாம் எங்க ஷெட்டுக்குத்தான் வருது, அவர் எதுக்குச் சொல்லுவார்? என்னைக் கேட்டாங்க, நான் சொன்னேன்: "இது பொட்டு வெச்ச மாதிரி இல்லைங்க. ஊத்தின மாதிரி இருக்கு."

உண்மைதாண்ணே அது. நான் வெச்சது பொட்டு. உள்ள இருந்தது கூழு. ரெண்டும் வேற.

மணவாளன் திரும்பினார். "சேவுகா, வண்டிக்குப் பூ போடறது யாரு?"

"வெள்ளிக்கிழமை பூ மட்டும் போடுவேங்க. சந்தனம் நான் தொட்டதே இல்லைங்க. பூஜையப்ப வண்டி இங்க இருந்துதுங்க…"

"எப்பவும் வண்டிக்குள்ளயே கிடக்கறவன் நீ. நீயே போய்ச் சொன்னா மாட்டிக்குவோம்னு சந்தனத்தை ஊத்தி வண்டியையே பேச வெச்சிருக்கே. எவன்டா சொல்லிக் குடுத்தான் உனக்கு?"

சேவுகன் அண்ணன் மாஸ்டரைப் பாத்தார். மாஸ்டர் ஸ்கேனரைத் துடைச்சுக்கிட்டிருந்தார். என்னைப் பாத்தார். நான் பட்டனைச் சுத்தம் பண்ணிக்கிட்டிருந்தேன், பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு, மூலை முடுக்கெல்லாம். சாவியை பானெட் மேல வெச்சுட்டு அவர் ரோட்டுல நடந்து போயிட்டார்.

தேர்தல்ல என்ன ஆச்சுனு நினைக்கறீங்க? மணவாளன்தான் தலைவர். சிரிக்காதீங்க. ஒவ்வொருத்தனுக்கும் தன்னைத் திட்டினது கோவம்தான். ஆனா மத்தவனைத் திட்டினதையும் எல்லாரும் கேள்விப்பட்டுட்டாங்களே. முருங்கைக்காய்க்காரர் சொல்றார், "என்னைச் சொன்னது அநியாயம், சடையப்பனைச் சொன்னது நூத்துக்கு நூறு." சடையப்பனும் அதையே முருங்கைக்காய்க்காரரைப் பத்திச் சொல்றார். மனசுல உள்ளதை மறைக்கத் தெரியாத மனுஷன்னு மேடையில பேசி மாலை போட்டாங்க. மறைக்கத் தெரியாத மனுஷனாம். நான்தான் அது, எனக்கு ஒரு மாலையும் வரலை.

சேவுகன் அண்ணனுக்கு யாரும் வண்டி குடுக்கலை. முதலாளி பேச்சை வெளிய விட்ட டிரைவர்னு பேராயிடுச்சு. யாரு ஸ்டியரிங்கைக் குடுப்பா? இப்ப மார்க்கெட்டுல லாரிக்குப் பெட்டி ஏத்தி இறக்கறார். முதுகுல பச்சைத் துண்டைப் போட்டுக்கிட்டு.

எனக்கு அங்க மனசு ஒட்டலை. மாஸ்டரும் முகம் குடுத்துப் பேசறதில்லை. நேத்து நானே சொல்லிட்டேன், கோயமுத்தூர்ல ஒரு பெரிய ஒர்க்ஷாப்புல கூப்பிடறாங்க, போறேன்னு. சரின்னார். இன்னைக்கு பஸ் ஏத்தி விட வந்தார். பஸ் வந்து நின்ன பிறகு கையைப் பிடிச்சுக்கிட்டார்.

"டேய், வழியில மார்க்கெட்டுல இறங்கு. நேரா மணவாளன் மண்டிக்குப் போ. 'பூஜை போட்டது எங்க ஷெட்டுல, சந்தனம் வெச்சது நான்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டு அடுத்த பஸ்ல போ. சேவுகன் பொழப்பு திரும்பிடும். சின்னப் பையனை அடிக்க மாட்டாங்க. நான் சொல்லச் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே"ன்னார்.

எப்படி இருக்கு பாருங்க அவர் நேர்மை. இவரே போய்ச் சொல்ல வேண்டியதுதானே? வாயே இல்லாத மாதிரி அன்னைக்கு நின்னுட்டு, இப்ப எனக்குப் பாடம். நான் அன்னைக்கே உண்மையைச் சொல்லிட்டேன். சந்தனம்னு கண்டுபிடிச்சது யாரு? நான். வாயைத் தொறந்து சொன்னது யாரு? நான். யாரு வெச்சதுங்கறது கரண்டு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லையே. அதுவுமில்லாம பை கனமா இருக்கு, டிக்கெட் தாராபுரத்துக்கு எடுத்தாச்சு, இறங்கினா அந்த டிக்கெட் செல்லாது. அந்தப் பச்சைத் துண்டுக்காரர் வேற நேரா பஸ்ஸையே பாத்துக்கிட்டு நின்னார்னு நீங்க சொன்னீங்க.

சொல்லலையா? பாக்கத்தான் பாத்தாரா, இல்லையா?

போகட்டும். மார்க்கெட்டுல இறங்குடான்னார் மாஸ்டர். இறங்கலை.